வனவிலங்கு நோய் ஆய்வாளர் வேலைக்கு எதிர்காலம் உண்டா? என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள்

காரைக்குடியில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். நானும் திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரன்தான். கால்நடை மருத்துவம் படித்து இந்தத் துறைக்கு வந்தவன். எதிர்காலம் உண்டு, இடங்கள்தான் குறைவு.

புலிக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்கும் படங்களைப் பார்த்து உங்கள் மகள் ஆசைப்பட்டிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: இது பெரும்பாலும் செத்த உடலோடு செய்யும் வேலை. வயலில் மயில் செத்துக் கிடப்பதாக வனத்துறையிலிருந்து அழைப்பு வரும். நம் ஊர் சித்திரை வெயிலில் சில மணி நேரத்திலேயே ஈரல் குழைந்துவிடும். அதற்குள் போய்ச் சேர வேண்டும். கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைத் திறந்து, பூச்சிமருந்து கலந்த நெல் இருக்கிறதா என்று பார்ப்போம். ஈரலை அரை சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் போகாமல் வெட்டி, அதைப் போல் பத்து மடங்கு ஃபார்மலினில், அதாவது திசு அழுகாமல் காக்கும் திரவத்தில், போட வேண்டும். துண்டு தடித்துவிட்டால் மருந்து உள்ளே இறங்காமல் நடுப்பகுதி அழுகிவிடும். வைரஸ் பரிசோதனைக்கு எடுப்பதோ ஃபார்மலின் பக்கமே போகக் கூடாது, ஐஸில்தான் போக வேண்டும்.

மாடோ மானோ, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வழியக் கிடந்தால் கத்தியையே எடுக்கக் கூடாது. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். உடலைத் திறந்தால் கிருமி காற்றுப் பட்டு வித்தாக மாறி, மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். காதோரம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவுவதோடு சரி.

பாறுக் கழுகுகள் 1990களில் கூட்டம் கூட்டமாக அழிந்தபோது ஏதோ தொற்றுநோய் என்றே பலரும் தேடினார்கள். செத்த கழுகுகளை அறுத்தால், உள்ளுறுப்புகள் மேல் வெள்ளையடித்த சுவர் போல யூரிக் அமிலம் படிந்திருந்தது. பாகிஸ்தானில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸ் குழு 2004இல் காரணத்தை வெளியிட்டது: மாடுகளுக்கு வலிக்காகப் போடும் டைக்ளோஃபெனாக். அந்த மாட்டின் சடலத்தைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் செயலிழந்துபோனது. 2006இல் இந்தியா அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. 2018இல் கிர் காட்டுச் சிங்கங்களைக் கொன்ற நோய்களில் ஒன்றான டிஸ்டெம்பர், நாய்களுக்கு வரும் நோய்தான். ஆகவே ‘ஐந்தரை வருஷம் படித்து மாட்டு டாக்டரா?’ என்று அப்பத்தா கேட்டால் கோபப்பட வேண்டாம். மாட்டைத் தெரியாமல் காட்டைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பில் மாநில இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. பிறகு முதுகலையில் வனவிலங்கு அறிவியல் எடுக்கலாம். நுண்ணுயிரியல் படித்தும் ஆய்வகத்துக்குள் வரலாம், ஆனால் விலங்குக்கு ஊசி போட முடியாது. வண்டலூர், ஹைதராபாத், டேராடூன், பரேலி ஆகிய ஊர்களில் ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன. தொடக்கத்தில் கிடைப்பவை பெரும்பாலும் திட்டம் முடிந்ததும் முடிந்துவிடும் தற்காலிகப் பணிகள். தமிழக வனத்துறையில் பார்க்கும் டாக்டர்களில் பலர் கால்நடை பராமரிப்புத் துறையிலிருந்து அயல்பணியில் வந்தவர்கள். வீட்டில் இதைப் பேசிவைத்துக்கொள்வது நல்லது.

குளிர்காலத்தில் ஒருநாள் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு அழைத்துப் போங்கள். பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குக் கூட வெடி வெடிப்பதில்லை என்பதை எல்லோரும் சொல்வார்கள். அவள் பார்க்க வேண்டியது, வலசை வந்த பறவைகளும் ஊர் மாடுகளும் ஒரே தண்ணீரைப் பங்குபோடுவதை. விடுமுறையில் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் அனுமதி கேட்டு நிற்கட்டும். அதற்கு முன் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள். எங்கள் துறையில் கடிபடும் முன்பே அதைப் போட்டுக்கொள்வதுதான் வழக்கம்.