கணினிக் கடிகாரம் பிசகினால் எஃப்டி8 கேட்குமா?

கேள்வி: ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியில், கணினி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் எஃப்டி8 முறையில், வாட்டர்ஃபாலில் (வரும் சிக்னல்களைக் கோடுகளாகக் காட்டும் திரையில்) சிக்னல்கள் பளிச்சென்று தெரிகின்றன, ஆனால் ஒன்றிரண்டைத் தவிர எதுவும் டீகோட் ஆவதில்லை, அதாவது செய்தியாக மாறுவதில்லை. ஆன்டெனா, கேபிள், சவுண்டு கார்டு அனைத்தையும் சரிபார்த்துவிட்டேன். எங்கே கோளாறு?
– ஹாம் வாசகர், திண்டுக்கல்

பதில்: கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். எஃப்டி8இல் உலகெங்கும் உள்ள நிலையங்கள் 15 நொடி முறைகளில் மாறி மாறிப் பேசுகின்றன. ஒவ்வொரு முறையிலும் ஒலிபரப்பு 12.64 நொடி நீடிக்கிறது. உங்கள் கடிகாரம் இரண்டு நொடிக்கு மேல் விலகினால், மென்பொருள் தவறான இடத்தில் செய்தியைத் தேடும். டீகோட் ஆகும் அந்த ஒன்றிரண்டு பேரின் கடிகாரங்களும் உங்களுடையதைப் போலவே, அதே பக்கமாகப் பிசகியிருக்கக்கூடும்.

எஃப்டி8க்கான மென்பொருளான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் திரையில் 'டிடி' என்ற பத்தி இருக்கும்; வரும் சிக்னலுக்கும் உங்கள் கடிகாரத்துக்கும் உள்ள நேர வித்தியாசத்தை அது நொடிகளில் காட்டும். அதில் பலரின் எண்களும் +1.2 அருகிலேயே நின்றால், உங்கள் கடிகாரம் ஏறத்தாழ ஒரு நொடி முந்தி ஓடுகிறது. எல்லாமே மைனஸில் இருந்தால் பிந்துகிறது. கணினியில் உள்ள சாதாரண குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளொன்றுக்கு 1.7 நொடி போய்விடும். விண்டோஸ் தானாக நேரம் சரிபார்க்கும் இடைவெளியோ நீளமானது. பழைய பதிப்புகளில் அது வாரம் ஒருமுறைதான். எனவே இணையம் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி மென்பொருள் ஒன்றை நிறுவி, புது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரையோ வேறு பொது சர்வரையோ அதில் கொடுத்துவிடுங்கள். இப்படி இரண்டு மென்பொருள்களை ஒரே சமயத்தில் ஓடவிட வேண்டாம். ஒன்று திருத்தியதை மற்றொன்று கலைக்கும்.

கேள்வி: இணையம் கிடைக்காத மலைமேல் என்ன செய்வது?

பதில்: யூஎஸ்பி ஜிபிஎஸ் ரிசீவர் ஒன்று போதும். அதன் தகவல் யூஎஸ்பி வழியாக வரும்போது நொடியின் ஒரு பகுதி தாமதமாகும்; எஃப்டி8க்கு அது பொருட்டல்ல. ஆனால் வானம் தெரியும் இடத்தில் வைத்து, கால் மணி நேரம் காத்திருங்கள். ஜிபிஎஸ் நேரம், உலகப் பொது நேரமான யூடிசியைவிட 18 நொடி முந்தியது. அந்த வித்தியாசத்தைச் சொல்லும் செய்தி செயற்கைக்கோளிலிருந்து முழுமையாக வர 12.5 நிமிடம் வரை ஆகலாம் என்பதால், அதற்கு முன் மலிவான ரிசீவர்கள் சில நொடிகள் தவறிய நேரத்தைக் காட்டுவதுண்டு. ரிசீவரும் இல்லையென்றால், டிடி பத்தியைப் பார்த்துக் கைமுறையாகத் திருத்தலாம். அப்போது ஒரே நிலையத்தை நம்பாமல் பலரின் எண்களைப் பாருங்கள். அந்த ஒருவருடைய கடிகாரமே பிசகியிருக்கலாம்.