லிண்டன் ஜான்சன்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: கென்னடி சுடப்பட்டதால்தானே ஜான்சனுக்கு அமெரிக்க அதிபர் நாற்காலி? இல்லாவிட்டால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

வாஷிங்டனில் எல்லோருக்கும் தெரியும். 1937-லேயே கீழவைக்குப் போனவர். 1955 முதல் மேலவையான செனட்டில் பெரும்பான்மைக் கட்சித் தலைவர். துணை அதிபரான பிறகுதான் ஓரங்கட்டப்பட்டார்.

கேள்வி: 87 ஓட்டுக் கதை நிஜமா?

எண்ணிக்கை நிஜம். ஜான்சன் ஜெயித்தது வெறும் 87 ஓட்டில். 1948-ல் டெக்சாஸ் செனட் இடத்துக்கு ஜனநாயகக் கட்சிக்குள் வேட்பாளர் தேர்வு. அந்தக் காலத்து டெக்சாஸில் அதில் ஜெயித்தாலே செனட்டர் ஆன மாதிரிதான். கோக் ஸ்டீவன்சன் முந்திக்கொண்டிருந்தார். வாக்குப்பதிவு முடிந்து ஆறாம் நாள், ஆலிஸ் என்ற ஊரின் 13-ம் எண் பெட்டியில் ஜான்சனுக்கு 200 ஓட்டு புதிதாக முளைத்தது. பட்டியலில் கடைசியாகச் சேர்ந்த பெயர்கள் அகரவரிசையில், ஒரே மையில், ஒரே கையெழுத்தில்! கள்ள ஓட்டு என்றுதான் நான் நினைக்கிறேன்.

கேள்வி: அப்படிப்பட்டவர் கறுப்பின மக்களுக்காக உழைத்தார் என்பதை எப்படி நம்புவது, ஐயா?

சந்தேகம் நியாயம்தான், தம்பி. 1957 வரை சிவில் உரிமை மசோதாக்களை எதிர்த்தே ஓட்டுப் போட்டவர். ஆனால் இளம் வயதில் கொட்டுல்லா என்ற ஊரில் ஏழை மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தியவரும் அவர்தான். அதிகாரம் கைக்கு வந்ததும் அந்தப் பக்கம் வெளியே வந்தது என்பது என் கணிப்பு.

1964-ல் தென்மாநில செனட்டர்கள் வாரக்கணக்கில் பேசிப் பேசியே சிவில் உரிமை மசோதாவை முடக்கினார்கள். விவாதத்தை நிறுத்த 67 ஓட்டு வேண்டும். சொந்தக் கட்சிக்காரர்களே எதிரணியில். அதனால் செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவரான டர்க்சனை ஜான்சன் வளைத்தார். கிடைத்தது 71. ஜூலை 2-ல் சட்டமானது. யாருக்கு எது வேண்டும், யார் எதற்குப் பயப்படுவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

கேள்வி: நமக்குக் கோதுமை தராமல் இழுத்தடித்தாராமே?

ஆமாம். 1965, 66 பஞ்ச காலத்தில் கப்பல்களை மாதக் கணக்கில் அளந்துதான் விட்டார். விவசாயத்தைச் சீர்திருத்துங்கள் என்ற நெருக்கடி ஒரு பக்கம். வியட்நாம் போரை இந்தியா விமர்சித்த கோபம் மறுபக்கம். அப்போது உணவு அமைச்சர் நம் சி. சுப்பிரமணியம். 1965 டிசம்பரில் வாஷிங்டன் போய் ஜான்சனையே சந்தித்தார். மறு ஆண்டு, விவசாயச் சீர்திருத்தத்துக்காக 18,000 டன் மெக்சிகோ விதைக் கோதுமை இறக்குமதியானது.

கேள்வி: வியட்நாமில் ஏன் சறுக்கினார்?

வட வியட்நாம் தலைவர் ஹோ சி மின் செனட்டர் இல்லையே! பேரம் பேசிப் படியவைக்க முடியவில்லை. 1968-ல் அங்கே 5 லட்சத்துக்கும் மேல் அமெரிக்க வீரர்கள். மார்ச் 31 அன்று, மறுபடி போட்டியிடப் போவதில்லை என்று தொலைக்காட்சியில் அறிவித்துவிட்டார்.

கேள்வி: வீட்டில் எல்லோருக்குமே எல்.பி.ஜே.தானாமே?

லிண்டன் பெயின்ஸ் ஜான்சன் என்ற அவர் பெயரின் சுருக்கம் அது. மனைவி லேடி பேர்டு, மகள்கள் லிண்டா பேர்டு, லூசி பெயின்ஸ்: எல்லோரும் அதே எழுத்துகள்தான். நாய் ஒன்றுக்கு லிட்டில் பீகிள் ஜான்சன் என்று பெயர்.