ஆறு நிலைகள் அறிவுக்கு மட்டுமே

கேள்வி: கப்பல் பட்டறை ஒன்றில் பாதுகாப்புப் பயிற்சி அளித்து வருகிறேன். பாடத்திட்டத்தில் அறிவு, மனப்பான்மை, திறன் ஆகிய மூன்றுக்கும் கற்றல் இலக்குகளை எளியதிலிருந்து கடினமானதுவரை வரிசைப்படுத்தும் புளூமின் ஆறு நிலைகளையே நான் எழுதுகிறேன். ஆனால், எழுத்துத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவர்களே சாரத்தில் ஏறியபின் ஹார்னஸ் (விழாமல் காக்க உடலில் அணியும் பாதுகாப்புப் பட்டை) கொக்கியை மாட்டாமல் நிற்கிறார்கள். தவறு எங்கே?
- வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: பெஞ்சமின் புளூம் தலைமையிலான குழு 1956இல் வெளியிட்ட ஆறு நிலைகள் அறிவுக்கு மட்டுமே உரியவை. மனப்பான்மைக்கென்று கிராத்வோல், புளூம், மாசியா மூவரும் 1964இல் வேறு ஐந்து படிகளை வகுத்தார்கள்: கவனித்தல், துலங்குதல், மதித்தல், ஒழுங்கமைத்தல், இயல்பாக்கிக்கொள்ளுதல். உங்கள் சிக்கல் இங்குதான் இருக்கிறது.

வகுப்பில் காதுகொடுத்துக் கேட்பவர் முதல் படியில் இருக்கிறார். மேற்பார்வையாளரின் தலை தெரிந்ததும் கொக்கியை மாட்டுபவர் இரண்டாம் படியில் இருக்கிறார். யாரும் பார்க்காதபோதும் மாட்டுபவரே மூன்றாம் படியை எட்டியவர். வேலையைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி நெருக்கும்போதும், எதற்கு முதலிடம் என்பதைத் தமக்குள் தீர்த்துக்கொண்டு, "மாட்டாமல் ஏற மாட்டேன்" என்று போர்மேனிடமே சொல்லக்கூடியவர் நான்காம் படிக்கு வந்துவிட்டார். சரியான விடையைத் தெரிவு செய்யும் தேர்வு இவற்றில் எதையும் அளப்பதில்லை. வேலையிடத்தில் சில வாரங்கள் கவனித்தால்தான் தெரியும். ஐந்தாம் படியை இரண்டு நாள் பயிற்சியின் இலக்காக எழுதும் பாடத்திட்டங்களை (அப்படியும் சில உண்டு) நான் நம்புவதில்லை.

திறனுக்குப் புளூம் குழு வகைப்பாடு எதையும் வெளியிடவில்லை. பின்னர் வந்தவர்களில் சிம்ப்சன் ஏழு நிலைகளையும், டேவ் ஐந்து நிலைகளையும் தந்தார்கள். பட்டறைக்கு டேவின் பட்டியலே போதும்: பார்த்துச் செய்தல், சொன்னபடி செய்தல், பிழையின்றிச் செய்தல், பல செயல்களை இணைத்துச் செய்தல், தன்னியல்பாகச் செய்தல். இரட்டைக் கொக்கியில் ஒன்று மாட்டியிருக்கும்போதே மற்றதைக் கழற்றி அடுத்த இடத்துக்கு மாற்றுவதைப் பயிற்றுநரைப் பார்த்துப் பார்த்துச் செய்பவர் முதல் நிலையில் இருக்கிறார். கையுறையோடு, தடுமாறாமல் தாமே செய்பவர் மூன்றாம் நிலையில் இருக்கிறார்.

பாடத்திட்டத்தைத் திருத்துவதற்கு முன் சாரத்தில் நீங்களே ஒருமுறை ஏறிப் பாருங்கள். கொக்கியை மாட்ட உறுதியான இடமே அங்கு இல்லையென்றால், குறை ஊழியரின் மனப்பான்மையில் இல்லை. அதைப் பயிற்சியால் தீர்க்கவும் முடியாது.