அண்ணனிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை

கேள்வி: எனக்கு 38 வயது, சிங்கப்பூரில் உட்லண்ட்ஸில் இருக்கிறேன். ஈசூனில் அண்ணன், அண்ணி, 14, 10 வயதில் இரண்டு பிள்ளைகள், எங்கள் அம்மா. அண்ணனுக்கு 47. வேலை முடிந்து வந்தவருக்கு ஒரு நாள் திடீரென்று வலிப்பு. ஸ்கேன், அறுவை சிகிச்சை எல்லாம் பத்து நாளில் முடிந்தது. மூளையின் இடது பக்கம் ‘கிளையோபிளாஸ்டோமா, கிரேடு 4’ என்ற மூளைப் புற்றுநோய் என்று அண்ணியிடமும் என்னிடமும் சொன்னார்கள். அண்ணனிடம் “கட்டியை எடுத்தாச்சு, இனி பயமில்லை” என்று சொல்லி வைத்திருக்கிறோம். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. அதிர்ந்து பேசாத மனிதர், இப்போது அண்ணிமேல் எரிந்து விழுகிறார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சாப்பிடுகிறார். சில நேரம் வார்த்தை வராமல் தடுமாறுகிறார். தலைவலியை முன்பே கவனித்திருக்கலாமே என்று அண்ணி அழுகிறார். புதுக்கோட்டைச் சித்தப்பா நாட்டு மருந்துக்கு அழைத்து வரச் சொல்கிறார். அடுத்த வாரம் கதிர்வீச்சு பற்றிப் பேச டாக்டரிடம் போகிறோம். நாங்கள் என்ன செய்வது?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் எல்லாரும் பேசுகிறார்கள். அண்ணி, சித்தப்பா, டாக்டர், நீங்கள். அண்ணன் மட்டும் பேசவில்லை. அவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எனக்கு மனத்தை அடைத்தது அதுதான்.

என் பெரியம்மா மகனுக்கும் இதே நோய் வந்தது. நாங்களும் மறைத்தோம், பாசத்தில்தான். ஒரு நாள் படுக்கையிலிருந்து என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ஏதோ சொல்ல வந்தார். “சாவி” என்றார். திரும்பவும் “சாவி, சாவி.” வீட்டிலிருந்த அத்தனை சாவியையும் கொண்டுவந்து ஒவ்வொன்றாகக் காட்டினோம். இல்லை, இல்லை என்று தலையாட்டினார். பேனாவைக் கொடுத்தோம், வலது கை பிடிக்கவில்லை. கண்ணில் நீர் வழிந்தது. அவர் கேட்டது சாவியே இல்லை, அந்த ஒரு சொல்தான் அவர் வாயில் மிச்சமிருந்தது என்று பிறகுதான் புரிந்தது. என்ன சொல்ல வந்தார் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடது பக்கத்தில்தான் இருக்கிறது. அண்ணனுக்குத் தடுமாற்றம் இப்போதே தொடங்கிவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், காத்திருக்காதீர்கள்.

கிரேடு 4 என்றால் உடம்பெல்லாம் பரவிவிட்டது என்று அர்த்தமில்லை. எவ்வளவு வேகமாக வளரும் கட்டி என்பதைச் சொல்லும் தரம் அது. கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்தாலும், வேர்போல மூளைக்குள் ஓடியிருக்கும் செல்களை முழுதாக எடுக்க முடியாது. அதற்குத்தான் கதிர்வீச்சும் டெமோசோலோமைட் என்ற கீமோ மாத்திரையும். வழக்கமாக ஆறு வாரம், முப்பது தடவை கதிர்வீச்சு, கூடவே மாத்திரை, அப்புறம் மாதத்தில் ஐந்து நாள் மாத்திரை மட்டும். இத்தனையும் செய்தும் பலருக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒன்றேகால், ஒன்றரை ஆண்டு. சிலருக்குக் கூடும், சிலருக்குக் குறையும். இதை எழுதக் கை வரவில்லை. ஆனால் “இனி பயமில்லை” என்ற பேச்சை வைத்துக்கொண்டு இந்தக் காலத்தைக் கடத்திவிட முடியாது.

அண்ணனிடம் எப்படிச் சொல்வது? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம். “டாக்டர் சொன்னதில் எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்கண்ணே?” என்று கேளுங்கள். அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு சொல்லுங்கள். அடுத்த வாரம் டாக்டர் அவரிடம் நேராகப் பேசட்டும். அறைக்கு வெளியே அவரைப் பிடித்து “எங்க அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்” என்று மட்டும் கெஞ்சாதீர்கள். தனக்குள் ஏதோ நடக்கிறது என்று அண்ணனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். அதைத் தனியாகச் சுமக்க விட்டுவிட்டோம்.

கோபத்தைப் பற்றிச் சொல்கிறேன், இதை அண்ணிக்கும் படித்துக்காட்டுங்கள். அது உங்கள் அண்ணனின் குணம் இல்லை. கட்டியே மனிதரின் சுபாவத்தை மாற்றும். மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் கொடுத்திருந்தால் ராத்திரிப் பசி, தூக்கமின்மை, சிடுசிடுப்பு மூன்றும் அதனால் வரலாம், சர்க்கரையும் ஏறும். வலிப்புக்கு லெவெடிராசெட்டம் கொடுத்திருந்தால் அதுவும் சிலருக்கு எரிச்சலைத் தரும். மாத்திரை நேரத்தைக் காலைக்கு மாற்றலாமா, வேறு மருந்து உண்டா என்று டாக்டரைக் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், ஆபத்து. மறுபடி வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதுவும் திணிக்க வேண்டாம், கையில் இரும்பு கொடுக்கவும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள்.

அண்ணியிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். இந்த நோய் பெரும்பாலும் ஏன் வருகிறதென்று மருத்துவத்துக்கே தெரியாது. தலைவலி எல்லாருக்கும் வருகிறது. பனடால் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன புருஷனைப் பார்த்து எந்த மனைவி மூளைக்கட்டி என்று நினைப்பாள்? அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அப்புறம் காகித வேலை. பணத்தைப் பற்றி இப்போது பேசுவதா என்று தோன்றும். பேசத்தான் வேண்டும். தன்னால் முடிவெடுக்க முடியாமல் போனால் தனக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் பத்திரம் ‘லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி’. எல்பிஏ என்கிற அதை, அண்ணன் தெளிவாக இருக்கும்போது, புரிந்து சம்மதித்தால்தான் எழுத முடியும். அந்தத் தெளிவு போய்விட்டால் அண்ணி நீதிமன்றத்துக்குப் போய்த்தான் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். மத்திய சேம நிதி (சிபிஎஃப்) பணம் யாருக்குப் போக வேண்டும் என்ற நியமனத்தையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பேரை எழுதியிருந்தால், கல்யாணம் ஆனதுமே அது செல்லாது. உயில் இருந்தாலும் சேம நிதிப் பணம் அதற்குள் வராது. என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், கடைசியில் வீட்டில் இருக்கவா, மருத்துவமனையிலா என்று அண்ணனே சொல்லிப் பதிவு செய்ய ‘ஏசிபி’ (அட்வான்ஸ் கேர் பிளானிங்) என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. மருத்துவமனையின் சமூக சேவையாளரைப் பார்த்தால் இதற்கெல்லாம் வழிகாட்டுவார். வீட்டுக்கே வந்து பார்க்கும் எச்சிஏ போன்ற வலிதணிப்புக் குழுக்களைப் பற்றியும் இப்போதே கேட்டு வையுங்கள். சிகிச்சை நடக்கும்போதே வலிதணிப்பையும் தொடங்கலாம், கைவிட்டுவிட்டதாக அர்த்தமில்லை.

சித்தப்பாவின் அக்கறை உண்மைதான். ஆனால் டெமோசோலோமைட் சாப்பிடும்போது என்ன சேர்ந்ததென்று தெரியாத லேகியம் கல்லீரலைக் கெடுத்தால் சிகிச்சையே நின்றுபோகும். டாக்டருக்குத் தெரியாமல் ஒரு சூரணமும் வேண்டாம். ஊருக்குப் போய்க் குலதெய்வத்தைக் கும்பிட வேண்டும் என்று அண்ணனே ஆசைப்பட்டால் அது வேறு விஷயம். விமானத்தில் போகலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, நடக்க முடிகிற நாளிலேயே அழைத்துப் போங்கள்.

பெரிய பிள்ளைக்கு ஓரளவு தெரிந்திருக்கும், சின்னது தன்னால்தான் அப்பா கோபப்படுகிறார் என்று நினைத்திருக்கும். இரண்டு பேரிடமும் சொல்லுங்கள், வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை.

அம்மாவுக்கு யார் சொல்வது என்று அண்ணனிடமே கேளுங்கள். நானே சொல்கிறேன் என்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவருக்கு வார்த்தை தெளிவாக வருகிற நேரம் பார்த்து அம்மா பக்கத்தில் உட்கார வையுங்கள். நடுவில் சொல் கிடைக்காமல் நின்றால், நீங்கள் முந்திக்கொண்டு எடுத்துக் கொடுக்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள், அவரே சொல்லி முடிக்கட்டும்.