ஜெபிக்க உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் மனம் அலைகிறது. ஒரு வாரத்துக்கு மேல் தொடரவும் முடியவில்லை. எனக்கு விசுவாசம் குறைவா? என்ன செய்யலாம்?

விசுவாசக் குறைவு என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். தினசரி ஜெபம் ஒரு வாரத்தில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் அதைவிடச் சாதாரணமான காரணம் இருக்கிறது: வெறுங்கையோடு உட்காருகிறோம். கண்ணை மூடியதும் எல்லா வார்த்தைகளையும் நம் மனதிலிருந்தே எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் மனதின் மேல்மட்டத்தில் இருப்பது வீட்டுக் கடன் தவணை, பிள்ளையின் பரீட்சை, நேற்று ஆபீஸில் நடந்த வாக்குவாதம். தெரிந்த வாக்கியங்கள் மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். மறுநாளும் அதே வாக்கியங்கள்தான். நான்காம் நாள் சலிப்பு, ஏழாம் நாள் குற்ற உணர்வு, அதன்பின் ஜெபமே இல்லை.

இது புதிய வியாதி அல்ல. பிரிஸ்டலில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லர் (1805–1898) ஜெபத்துக்கே பேர்போனவர். அவரே 1841-இல் எழுதிவைத்த குறிப்பு ஒன்று உண்டு. அதற்கு முன் பல ஆண்டுகள் எழுந்த உடனே ஜெபத்தில் இறங்கிவிடுவாராம். கால் மணி, அரை மணி நேரம் மனம் அலைந்து திரிந்த பிறகே உண்மையில் ஜெபிக்கத் தொடங்குவாராம். பிறகு வரிசையை மாற்றினார். முதலில் வேதத்தைத் திறந்து, வசனம் வசனமாக மெல்ல வாசித்துத் தியானிப்பது. வாசித்ததிலிருந்தே நன்றியோ, அறிக்கையோ, வேண்டுதலோ பிறக்க விடுவது. அதன்பின் அந்தப் பழைய தொல்லை அரிதாகிவிட்டது என்கிறார். நானும் முதலில் சொல்வது இதையேதான்: வாசித்துவிட்டு ஜெபியுங்கள், வாசித்ததையே ஜெபியுங்கள்.

எதை வாசிப்பது? சங்கீதங்களில் தொடங்குங்கள் (கத்தோலிக்க வேதாகமத்தில் திருப்பாடல்கள்). வேதத்தின் மற்றப் பகுதிகளில் பெரும்பாலும் தேவன் மனிதனிடம் பேசுகிறார். இங்கே மனிதன் தேவனிடம் பேசும் வார்த்தைகளே தயாராக இருக்கின்றன. மொத்தம் 150. இவற்றைத் தேதியோடு இணைத்துவிடலாம். இன்றைய தேதி எண்ணை எடுங்கள், அதோடு முப்பது முப்பதாகக் கூட்டுங்கள். 12-ஆம் தேதி என்றால் 12, 42, 72, 102, 132. ஐந்தையும் ஜெபிக்க வேண்டியதில்லை. தொடக்க வசனங்களை வேகமாகப் பார்த்து, அன்றைய உங்கள் நிலைமையைத் தொடுகிற ஒன்றில் நின்றுகொள்ளுங்கள். தாகமாக உணர்ந்தால் 42, நொறுங்கிக் கிடந்தால் 102. 29-ஆம் தேதிக்கு 119-ஆம் சங்கீதம் வரும்; 176 வசனம், காலை வேளைக்குத் தாங்காது. அதை 31-ஆம் தேதிக்கு ஒதுக்கி, எட்டெட்டு வசனமுள்ள அதன் 22 பகுதிகளில் ஒன்றை மட்டும் எடுங்கள்.

இந்த முறையின் பெரிய நன்மை வேறொன்று. இதில் பாக்கி விழாது. ஒரு வருட வேதவாசிப்பு அட்டவணையில் ஆறு நாள் தவறினால் ஆறு நாள் பகுதி மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பாரத்திலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். இங்கே 4-ஆம் தேதி நின்றுபோய் 11-ஆம் தேதி திரும்பி வந்தால் 11-ஆம் தேதி சங்கீதங்கள்தான். இடையில் விட்டதைச் சேர்த்து வாசிக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வேன்.

வாசித்ததை ஜெபமாக மாற்றுவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இதற்குச் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் காட்டிய வழியைவிட நடைமுறைக்கு ஏற்றது எதையும் நான் அறியேன். 1535-இல் பேத்ரு என்ற தன் நாவிதர் எப்படி ஜெபிப்பது என்று கேட்டதற்கு அவர் எழுதிய பதில் அது. எழுதப்பட்டது இறையியல் மாணவருக்கு அல்ல, நாளெல்லாம் நின்று வேலை செய்கிறவருக்கு. வேறு வேலைகளாலும் எண்ணங்களாலும் தானே ஜெபத்தில் குளிர்ந்துபோவதுண்டு என்று லூத்தர் அதில் ஒப்புக்கொள்கிறார். அப்போது சங்கீதப் புத்தகத்தோடு அறைக்கோ ஆலயத்துக்கோ போய், பத்துக் கட்டளை, விசுவாசப்பிரமாணம், கிறிஸ்துவின் வார்த்தைகள், சங்கீதங்கள் என்று ஒரு குழந்தையைப்போல வாய்விட்டுச் சொல்லத் தொடங்குவாராம். திடப்படுத்தல் வகுப்பிலோ ஞாயிறு பள்ளியிலோ இவற்றை நாமும் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஒப்பித்ததோடு சரி, அவற்றை ஜெபிக்கலாம் என்று அநேகருக்குத் தோன்றுவதே இல்லை.

ஒவ்வொரு கட்டளையையும் நான்கு இழையாகத் திரிக்கிறார்: போதனை, நன்றி, பாவ அறிக்கை, வேண்டுதல். ஒரே வசனம் பாடப்புத்தகமாகவும், பாட்டுப்புத்தகமாகவும், அறிக்கைப் புத்தகமாகவும், ஜெபப்புத்தகமாகவும் ஆகிறது. "பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்ற கட்டளையை எடுத்துப் பார்ப்போம்.

போதனை: இது என்னிடம் என்ன கேட்கிறது? கோர்ட்டில் பொய் சொல்லாதே என்பதோடு நிற்கவில்லை. அடுத்தவருடைய நற்பெயரும் அவருடைய சொத்து, அதை நான் தொடக்கூடாது. உறுதி செய்யாமல் வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுகிற செய்தியும் இதற்குள் வருகிறது. நன்றி: நான் இல்லாத இடத்தில் எனக்காகப் பேசியவர்கள் உண்டு, அவர்களைப் பேர் சொல்லி நன்றி கூறுகிறேன். என் குற்றங்களையெல்லாம் அறிந்தும் எனக்காகப் பரிந்துபேசுகிற கிறிஸ்துவுக்கு நன்றி. அறிக்கை: நேற்று சாப்பாட்டு வேளையில் இன்னாரைப் பற்றிச் சொன்னதில் பாதி யூகம், கேட்டவர்கள் சிரித்ததால் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். வேண்டுதல்: இன்று பதினொரு மணிக் கூட்டத்தில் அவருடைய பேச்சு வரும், அப்போது என் வாய்க்குக் காவல் வையும், அவரைப் பற்றி நல்லது ஒன்றைச் சொல்லத் தைரியம் தாரும்.

ஐந்து நிமிடம் போய்விட்டது, மனம் அலைய இடமே கிடைக்கவில்லை. கவனியுங்கள், கடைசி இரண்டு இழைகளிலும் நேற்றும் இன்றும் நடக்கிற குறிப்பான காரியங்கள் வந்துவிட்டன. "என் பாவங்களை மன்னியும், இந்த நாளை ஆசீர்வதியும்" என்று பொதுவாகச் சொன்னால் மனதுக்குப் பிடிமானம் இல்லை. ஜெபம் வழுக்கிப்போவது பெரும்பாலும் அந்தப் பொதுப்படையான இடத்தில்தான்.

லூத்தர் இன்னும் இரண்டு காரியம் சொல்கிறார். நான்கு இழையையும் முடித்தே ஆகவேண்டும் என்பதில்லை; ஒன்றில் உள்ளம் அனல்கொண்டால் மற்றதை விட்டுவிட்டு அங்கேயே தங்கி, அமைதியாகக் கேளுங்கள். அடுத்தது, "இந்த வேலையை முடித்துவிட்டு ஒரு மணி நேரத்தில் ஜெபிக்கிறேன்" என்கிற எண்ணத்தை நம்பாதீர்கள். அந்த ஒரு மணி நேரம் வருவதில்லை.

நேரம் பதினைந்து நிமிடம் போதும். ஒரு மணி நேரம் என்று தீர்மானித்துத் தொடங்குவது மூன்றாம் நாளே முறியும். ஒரு நிமிடம் அமைதி. ஐந்து நிமிடம் சங்கீதம். ஐந்து நிமிடம் ஒரு வசனமோ கட்டளையோ நான்கு இழையாக. மூன்று நிமிடம் மற்றவர்களுக்காக. முடிவில் கர்த்தருடைய ஜெபத்தை ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு மூச்சு இடைவெளி விட்டுச் சொல்லுங்கள். ஷிப்ட் வேலையில் இருப்பவர்கள் கடிகார மணியில் கட்டாமல் ஒரு செயலில் கட்டுங்கள்: பல் துலக்கியபின், காபிக்கு முன். எந்த ஷிப்டிலும் அந்த இடைவெளி இருக்கும். கைக்குழந்தை உள்ள தாய்மாருக்குப் பதினைந்து நிமிடம்கூடச் சேர்ந்தாற்போலக் கிடைக்காது. "அந்திசந்தி மத்தியான வேளைகளிலும்" முறையிடுவேன் என்கிற 55-ஆம் சங்கீதத்தின்படி மூன்று வேளை, வேளைக்கு மூன்று நிமிடம் அவர்களுக்குப் போதுமானது.

போன் அந்த அறையில் இருக்கக் கூடாது. வேதாகம ஆப் நல்லதுதான், ஆனால் அதே திரையில் மேலிருந்து மெசேஜ் இறங்கும். அச்சு வேதாகமமும், விடிய எழ ஒரு சாதாரண அலாரக் கடிகாரமும் வாங்கிக்கொள்ளுங்கள். தூக்கம் வந்தால் முழங்காலில் நிற்பதை விட்டு நடந்துகொண்டே ஜெபியுங்கள். அது மரியாதைக் குறைவு அல்ல, வேதத்தில் நின்றும் ஜெபித்திருக்கிறார்கள், விழுந்தும் ஜெபித்திருக்கிறார்கள். உதடு அசையட்டும். அன்னாள் சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து ஜெபித்தாள். மனதுக்குள் மட்டுமே ஓடும் வாக்கியம் பாதியில் திசை மாறும். உதட்டுக்கு வந்தது பெரும்பாலும் முடிவுவரை போகும். அப்படியும் எண்ணம் குறுக்கிட்டால் அதோடு சண்டை போடாதீர்கள். "கேஸ் புக் பண்ண வேண்டும்" போன்றதைப் பக்கத்திலுள்ள துண்டுக் காகிதத்தில் எழுதிவிட்டுத் திரும்புங்கள். திரும்பத் திரும்ப வருவது ஒரு கவலையாக இருந்தால் அதைத் தடங்கலாக எண்ணாமல் அன்றைய ஜெபமாக்கிக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கான ஜெபத்துக்கு ஒரு சின்ன நோட்டு வேண்டும். எல்லோரும் செய்யும் பிழை, கேட்டவர்கள் பெயரையெல்லாம் ஒரே பட்டியலில் ஏற்றுவது. அது அறுபது பெயராகும்போது ஜெபம் வருகைப்பதிவேடு வாசிப்பதாகிவிடும். வாரத்தின் ஏழு நாளுக்கு ஏழு பக்கம் போடுங்கள், ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு பேர். வீட்டார் மட்டும் எல்லா நாளும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தேதியும் குறிப்பான வேண்டுதலும் எழுதுங்கள். "தம்பிக்காக" என்பது போதாது; "தம்பிக்கு இந்த மாதம் குடிக்காமல் வீட்டுக்கு வர பலம்" என்று இருக்கட்டும். அப்போதுதான் என்ன நடந்தது என்று பின்னால் தெரியும், நன்றி சொல்லவும் மறக்காது. மாதக் கடைசியில் ஒருமுறை முழுவதும் வாசித்து, முடிந்ததைக் குறித்து, மாறியதை மாற்றி எழுதுங்கள்.

இனி, பல வருடம் கேட்டும் பதில் வராத வேண்டுதல். லூக்கா 18-இல் "சோர்ந்துபோகாமல் எப்பொழுதும் ஜெபம்பண்ணவேண்டும்" என்று இயேசு சொன்ன விதவையின் உவமையைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்: தேவனைத் தொல்லை செய்தால்தான் இறங்குவார் என்று. அங்கே நியாயாதிபதி தேவனுக்கு ஒப்பாக அல்ல, எதிராக வைக்கப்படுகிறான். தேவனுக்குப் பயப்படாத, மனுஷரை மதியாத ஒருவனே கேட்கிறான் என்றால், தம்மவர்களை நேசிக்கிற தேவன் கேட்பது எவ்வளவு நிச்சயம் என்பதே வாதம். எனவே கூட நேரம், கூட உபவாசம், கூடப் பொருத்தனை என்று விலையை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். அப்படி ஏற்றிய பிறகும் பதில் வராவிட்டால், குறை உங்களுடையது என்று யாராவது சொல்லுவார்கள்; அந்தச் சொல் பல நல்ல விசுவாசிகளை உடைத்திருக்கிறது. பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டான். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் வந்தது. அவனுக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்லமாட்டோம்.

அப்படிப்பட்ட காலத்தில் 13-ஆம் சங்கீதத்தைப் பயன்படுத்துங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்திலேயே நான்கு தடவை "எதுவரைக்கும்" என்று கேட்கிறது. அந்த நான்கையும் உங்கள் காரியத்தைச் சொல்லி நிரப்புங்கள். முடிவிலுள்ள நம்பிக்கை வசனங்களைச் சொல்ல வாய் வராவிட்டால் 88-ஆம் சங்கீதத்துக்குப் போங்கள். அது இருளிலேயே முடிகிறது. அப்படி முடிகிற ஒரு ஜெபமும் வேதத்துக்குள் இருக்கிறது என்பதால், ஆறுதல் கிடைக்காமல் எழுந்த நாளையும் ஜெபித்த நாளாகவே எண்ணுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் விருப்பமின்மை என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை ஆவிக்குரிய வறட்சி என்று மட்டும் எண்ணிக்கொண்டிராமல் மருத்துவரைப் பாருங்கள். ஜெபத்தில் இருக்கிறோம் என்று எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

குடும்ப ஜெபம் தனி ஜெபத்துக்கு ஈடாகாது, ஆனால் அதைத் தாங்கிப்பிடிக்கும். ஒரு கீர்த்தனையில் இரண்டு சரணம், பத்து வசனம், ஆளுக்கு ஒரு வாக்கிய ஜெபம், கர்த்தருடைய ஜெபம்; பத்து நிமிடத்தில் முடியுங்கள். அப்பா பிரசங்கம் செய்யத் தொடங்கினாலோ, பிள்ளையின் அன்றைய தவறை ஜெபத்துக்குள் வைத்துச் சொல்லிக்காட்டினாலோ, பிள்ளைகள் பதினைந்து வயதில் அந்த அறைக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள்.

உங்களைப்போலவே தொடங்கி நின்றுபோகிற ஒரு நண்பரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை பத்து நிமிடம் போனில் பேசினால் போதும். "எத்தனை நாள் ஜெபித்தாய்?" என்று கேட்காதீர்கள், கணக்குக் கேட்டால் இருவரும் மெல்ல மறைக்கத் தொடங்குவீர்கள். "இந்த வாரம் எந்தச் சங்கீதத்தில் நின்றாய்?" என்று கேளுங்கள். நின்றிருந்தால் சொல்ல ஏதாவது இருக்கும், நிற்காவிட்டால் அன்றைய தேதிச் சங்கீதம் ஒன்றை அங்கேயே இருவரும் மாறி மாறி வாசித்து ஜெபித்துவிடலாம்.