துயரம்தான் எழுத வைத்ததா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நவீன எபிரேய எழுத்தாளர்களின் வாழ்க்கை வரலாறுகளைக் கொஞ்ச நாளாக வாசித்து வருகிறேன். யாரை எடுத்தாலும் காசநோய், வறுமை, கொலை, தனிமை. இந்தத் துயரம்தான் அவர்களை எழுத வைத்ததா? ராகேலின் வாழ்க்கையை அறிந்தபின் அவர் கவிதைகளைக் கண் கலங்காமல் வாசிக்க முடியவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்,

அப்படி நான் நினைக்கவில்லை. காசநோய் அன்று லட்சக்கணக்கானவர்களுக்கு வந்தது. கவிதை வரவில்லை.

எபிரேய நாவலாசிரியர் பிரென்னரையே எடுத்துக்கொள்ளுங்கள். ரஷ்ய ராணுவத்திலிருந்து தப்பி 1904ல் லண்டன் வந்தார். யூத அகதிகள் நெருக்கியடித்துக் குடியிருந்த வைட்சாப்பலில் வாசம், அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை. 1906ல் ‘ஹமெஓரேர்’ என்ற எபிரேய மாத இதழைத் தொடங்கினார். எழுதியதும், பிறர் எழுத்தைத் திருத்தியதும், அச்சுக் கோத்ததும், தபாலில் சேர்த்ததும் அவரே. சுற்றிலும் தெருவில் பேசப்பட்டது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷ். எபிரேயம் வாசிப்பவர்களோ ரஷ்யப் பேரரசின் ஊர்களில் சிதறிக் கிடந்தார்கள். சிற்றிதழ் நடத்திக் கைக்காசை இழந்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

அவருக்குத் துணையாக 1907ல் இன்னொரு எபிரேய எழுத்தாளரான உரி நிசான் க்னெசின் வந்தார். போச்செப் ஊரில் க்னெசினின் தந்தை நடத்திய யெஷிவாவில், அதாவது யூத மதக்கல்விப் பள்ளியில், இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். லண்டனில் சண்டை போட்டுக்கொண்டு பிரிந்தார்கள். இதழும் அந்த ஆண்டே நின்றது. 1913ல் க்னெசின் வார்சாவில் இதய நோயால் இறந்தார். அடுத்த ஆண்டு பிறந்த தன் மகனுக்கு பிரென்னர் அவர் பெயரையே வைத்தார். பிரென்னரை 1921 மே மாதம் யாஃபா கலவரத்தில் கொன்றார்கள். அப்போது அவருக்கு 39 வயது.

உருக்கமான கதைதான். ஆனால் ஒரே யெஷிவா, ஒரே வறுமை, ஒரே நட்பு. உரைநடையில் இருவரும் இரு துருவங்கள். பிரென்னருடையது வேண்டுமென்றே கரடுமுரடாக விடப்பட்ட, மூச்சுத் திணறும் நடை. க்னெசினின் நீண்ட வாக்கியங்கள் மனதுக்குள்ளேயே அலைபவை. நனவோடை என்று நாம் ஐரோப்பிய நாவல்களில் கொண்டாடுவதை அவர் முதல் உலகப்போருக்கு முன்பே செய்துவிட்டார். துயரத்தை வைத்து இந்த வேறுபாட்டை எப்படி விளக்குவீர்கள்?

ராகேல் விஷயத்தில் அனுதாபம் இன்னும் அதிகமாகக் கெடுதல் செய்திருக்கிறது. தெகானியா கூட்டுப்பண்ணை காசநோய்க்காக அவரை வெளியே அனுப்பியதும், டெல் அவீவ் அறையில் வாழ்ந்து 1931ல் 40 வயதில் இறந்ததும் எல்லோருக்கும் தெரியும். ரஷ்ய மொழியில் எழுதத் தொடங்கிய அவர், ரெஹோவோத்தில் மழலையர் பள்ளிக் குழந்தைகளின் பேச்சைக் கேட்டு எபிரேயம் கற்றவர் என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். ராகேலுக்கு முந்தைய பெருங்கவிஞர் பியாலிக்கின் தலைமுறைக் கவிதை, எபிரேய வேதமும் தல்மூது என்ற யூத மதச்சட்ட நூலும் கரைத்துக் குடித்த ஆண்களுடையது. பெண்களுக்கு அந்தப் படிப்பு பெரும்பாலும் மறுக்கப்பட்டிருந்தது. எளிய நடைக்கு மதிப்பு வந்த 1920களில்தான் ராகேல், எஸ்தர் ராப் போன்றவர்கள் நுழைய முடிந்தது என்று விமர்சகர் டான் மிரோன் விரிவாக எழுதியிருக்கிறார். மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. ராகேலின் எளிமை ஒரு நோயாளியின் முனகல் அல்ல, தேர்ந்த கலை. ‘தவார்’ நாளிதழில் அவர் கவிதைகளைப் படித்தவர்களுக்கு அகராதி தேவைப்படவில்லை.

அடுத்து எபிரேயச் சிறுகதையாசிரியர் தெவோரா பரோனை வாசியுங்கள். ரபியின், அதாவது யூத மதகுருவின், மகள் என்பதால் அந்தப் படிப்பு கிடைத்த அபூர்வமான பெண். கடைசி முப்பது ஆண்டுகளுக்கு மேல் வீட்டை விட்டு வெளியே வரவில்லை என்று எல்லா வரலாறுகளும் பெருமூச்சு விடும். அந்த வீட்டுக்குள் இருந்துதான் ஃப்ளாபேரின் பிரெஞ்சு நாவல் ‘மேடம் பொவாரி’யை எபிரேயத்தில் மொழிபெயர்த்தார். கதைகளை முதலில் படித்துவிடுங்கள், வாழ்க்கை வரலாறு பிறகு.