மயக்க மருந்தும் எதிர்ப்புசக்தியும்: ஒரு டெல்டா மயக்கவியல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி (திருவாரூர்): அப்பாவுக்குப் பெருங்குடலில் கட்டி. மயக்கம் கொடுத்தால் எதிர்ப்புசக்தி போய்ப் புற்று பரவிவிடும் என்கிறார்களே?

பதில்: சில நாட்களுக்கு எதிர்ப்புசக்தி தளர்வது உண்மைதான். அதில் மருந்தைவிட, வயிற்றில் கத்தி படுவதால் உடல் படும் பாட்டுக்கே பெரும்பங்கு. கார்டிசால், அட்ரினலின் என்ற பதற்றச் சுரப்புகள் ஏறும். புற்றணுக்களைக் கொல்லும் என்கே அணுக்கள் சோர்ந்துபோகும். அதற்குப் பயந்து கட்டியை உள்ளேயே விட்டுவைக்காதீர்கள்.

மன்னார்குடி: வாயு மயக்கம் கெடுதல், ரத்தக்குழாயில் ஏற்றும் புரோபோஃபால் என்ற மயக்க ஊசியே வேண்டும் என்று கேட்கலாமா?

கும்பகோணம்: அது எதற்கு? முதுகில் ஊசி போட்டாலே புற்று திரும்பாதாம்!

பதில்: இருவரும் கொஞ்சம் பொறுங்கள். புரோபோஃபால் என்கே அணுக்களைக் குறைவாகத் தளர்த்துகிறது என்று ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது. ஆனால் 2019இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த சோதனையில், மார்பகப் புற்றுள்ள 2,108 பெண்களில் ஒரு பாதிக்கு நரம்பு மரப்பும் புரோபோஃபாலும், மறுபாதிக்குச் செவோஃபுளூரேன் வாயு. புற்று திரும்பியதில் வித்தியாசமே இல்லை. அது மார்பகம், இது குடல் என்பீர்கள், சரி. குடல் புற்றிலேயே வலிக்கு முதுகில் போடும் எபிடியூரல் ஊசியையும் மார்ஃபினையும் ஒப்பிட்டு 2021இல் சுவீடனிலிருந்து வந்த சோதனையிலும் அப்படித்தான். எபிடியூரல் வலிக்கு அருமையான மருந்து, அதற்காகக் கேளுங்கள்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: "ஆபரேஷன் தியேட்டரில் அப்பாவின் உடம்பைச் சூடாக வைப்பீர்களா?" மயக்கத்தில் உடல் குளிரும். குளிர்ந்தால் தோலுக்கு ரத்தம் குறையும், கிருமியோடு போராடும் வெள்ளணுக்கள் தளரும். 1996இல் 200 குடல் அறுவை நோயாளிகளிடம் பார்த்தார்கள்: குளிரவிட்டவர்களில் 19 சதவீதம் பேருக்குப் புண் சீழ்பிடித்தது, சூடாக வைத்தவர்களில் 6 சதவீதம்.

நாகப்பட்டினம்: ரத்தம் குறைவு. ஏற்றிக்கொள்ளலாமா?

பதில்: ஏற்றும் ரத்தமும் எதிர்ப்புசக்தியைத் தளர்த்தக்கூடும். நாள் இருந்தால் முதலில் இரும்புச்சத்து ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பீடி பழக்கம் இருந்தால் அதையும் இன்றே விடுங்கள்.

மயிலாடுதுறை: எத்தனை மணி நேரம் பட்டினி?

பதில்: இதைக் கேட்கும் நான்காவது ஆள் நீங்கள். பொதுவாகச் சாப்பாடு 6 மணி, வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை. உங்கள் மருத்துவர் வேறு சொன்னால் அதுதான். எந்தக் கஷாயம் குடித்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

திருத்துறைப்பூண்டி: சம்பா அறுவடை முடியட்டுமே, அப்பாவின் அறுவையைத் தை கழித்து வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். கதிரை அறுக்க மச்சான் இருப்பார். மருத்துவர் சொன்ன தேதிக்கு அப்பாவை அழைத்துப் போங்கள், போர்த்த ஒரு கம்பளியும் எடுத்துக்கொள்ளுங்கள்.